அலங்கார மீன் வாங்குமுன் குளத்தை நினையுங்கள்

வன்னி நிலத்தில் கமக்காரரின் முதற்செல்வம் குளமே. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய பெருங்குளங்களும் ஊர்தோறும் உள்ள சிறுகுளங்களும் வயலுக்கு நீரையும் வீட்டுக்கு மீனையும் தருகின்றன. கண்ணாடித் தொட்டியில் அலங்கார மீன் வளர்த்தல் இனிய பொழுதுபோக்கு; சிலருக்கு அஃது உபதொழிலுமாகும். ஆயினும், ஆராயாது வாங்கிய மீன் ஈற்றிற் குளத்தில் விடப்படுமாயின், அதனால் வரும் நட்டம் ஊர் முழுவதையும் சாரும்.

குளத்திற்கு வரும் கேடு

தொட்டியிலுள்ள பாசியைத் தின்னும் என்று கூறி விற்கப்படும் 'டாங்க் கிளீனர்' மீன் தென் அமெரிக்காவுக்கு உரியது. வாங்கும்போது விரலளவாயிருக்கும் இம்மீன் ஓர் அடிக்கு மேலும் வளரக்கூடியது. தொட்டி போதாமற் போகவே, வளர்ப்போர் சிலர் அதனை வெளியே விட்டுவிடுகின்றனர். இலங்கையின் சில நீர்த்தேக்கங்களில் இது பெருகிவிட்டது. இதன் முள்ளும் கடினமான கவசமும் வலையைப் பழுதாக்கும். முட்டையிடுதற்குக் கரை மண்ணைக் குடைந்து வளை அமைப்பதும் இதன் இயல்பு. மண்ணாலான அணைக்கட்டை நம்பி வாழும் நாம் இதனை அலட்சியம் செய்தல் ஆகாது.

"குளத்தில் விடவில்லை, கேணியிலேதான் விட்டேன்" என்பதும் பொருந்தாது. மாரியிற் கேணி நிறைந்தால் நீர் வாய்க்காலைச் சேரும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை நாம் மறந்திலோம். வெள்ளம் வேலியை அறியாது.

செடிகளாற் பெற்ற படிப்பினை

நீர்ச்செடிகளுக்கும் இதுவே பொருந்தும். அழகிய பூவுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை விரைந்து பரவியதால், அதனை ஒழிக்க 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. 1939இல் இங்கு வந்த சல்வீனியா வாய்க்கால்களையும் நெல்வயல்களையும் மூடியது. அதனைத் தின்னும் வண்டினம் 1986இல் விடப்பட்டது. கொண்டுவந்தோர் சிலர், களைந்து களைத்தோர் கமக்காரர்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மீனின் பெயர், முழு வளர்ச்சியில் அதன் நீளம், அதன் உணவு ஆகியவற்றைக் கேட்டறிக. இவற்றைக் கூற இயலாதவரிடம் வாங்காதொழிக.

2. செட்டை கிழிந்தும், உடலில் வெண்புள்ளி தோன்றியும், நீர்மட்டத்தில் வாய்பிளந்தும் நிற்கும் மீன் நோயுற்றதாயிருக்கலாம். கடைக்காரர் இரையிடும்போது சுறுசுறுப்பாக உண்ணும் மீனையே தெரிவு செய்க.

3. புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரம் வரை வேறு பாத்திரத்தில் வைத்துப் பார்த்தபின் தொட்டியிற் சேர்க்க.

4. கிருமிநாசினி தொட்ட கையையோ வாளியையோ தொட்டியருகே கொண்டுசெல்லற்க. சிறிதளவு நஞ்சும் மீனைக் கொல்லும்.

கடல்மீன் வளர்க்க விரும்புவோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை பவளப் பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. கோமாளி மீன் போன்ற சில இனங்கள் மட்டுமே பண்ணைகளில் இனப்பெருக்கஞ் செய்யப்படுகின்றன; அத்தகைய மீனையே கேட்டு வாங்குக. கடல்நீரில் லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆதலால் அத்தொட்டி நீரைத் தோட்டத்திலோ கிணற்றருகிலோ ஊற்றினால் மண்ணும் நீரும் உவராகும். மருந்து கலவாத நன்னீர்த் தொட்டியின் கழிவுநீரையோ மரக்கறிப் பாத்திக்கு விடலாம்; அது பயிருக்குச் சிறிது உரமாகும்.

யாரிடம் ஆலோசனை பெறலாம்?

விற்பவர் சொல்லை மட்டும் நம்புதல் போதாது. நல்ல ஆலோசகர் உமது தொட்டியின் அளவையும் கிணற்று நீரின் தன்மையையும் முதலிற் கேட்பார். கேளாமலே மருந்தும் மீனும் விற்பவர் தம் இலாபத்தையே கருதுபவர். மீன் வளர்ப்பிற் பல ஆண்டு பழகிய ஒருவரையும், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உத்தியோகத்தரையும் தனித்தனியே வினாவுக. இருவரும் ஒருப்பட்டால் அதன்படி செய்க. குளத்திற் புதுவகை மீன் காணப்பட்டால், அதனை மீண்டும் நீரில் விடாது, நன்னீர் மீன்பிடிச் சங்கத்தினருக்கும் அவ்வதிகாரசபையினருக்கும் அறிவித்தல் வேண்டும்.

வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுக்க. அன்றேல் வளர்க்க வல்லவரிடம் ஒப்படைக்க. செத்த மீனையும் களைந்த நீர்ச்செடியையும் மேட்டு நிலத்திற் புதைக்க. தொட்டி ஒருவருக்குரியது, குளமோ ஊருக்குரியது.