மண்ணைக் கேளுங்க... வயசைச் சொல்லும்!

திருச்சி - சிதம்பரம் ரோட்டில் கீழப்பழுவூரைத் தாண்டும்போது ஜன்னலோர சீட் கிடைச்சா, கொஞ்சம் வெளியே பாருங்க. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு பழுவேட்டரையர் ஞாபகத்துக்கு வருவார். பக்தி உள்ளவங்களுக்கு ஆலந்துறையார் கோயில். மத்தவங்க கண்ணுக்கு சுண்ணாம்புக்கல் லாரியும், அது கிளப்புற புழுதியும்தான். ஆனா, அந்தப் புழுதிக்கே ஒரு ஹிஸ்டரி இருக்கு பாஸ்!

சுமார் பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி, கிரெட்டேசியஸ் காலத்தில், அரியலூர் பக்கம் கடல் இருந்தது. அந்தக் கடல் உயிரினங்களின் புதைபடிவங்களை பக்கத்திலேயே வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இதே ரோட்டில் கிழக்கே போனா, ராஜேந்திர சோழனின் தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980-களில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. 2021-ல் மறுபடி ஆரம்பிச்சாங்க. செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் துண்டுன்னு நிறையக் கிடைச்சது.

'அதெல்லாம் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் வேலை'ன்னு பக்கத்தைத் திருப்பப் போற சயின்ஸ் மக்களே, ஒரு நிமிஷம். அகழாய்வுக் குழிக்கு உங்களைத்தான் தேடுறாங்க!

போஸ்டர் மேல போஸ்டர்

தட்டில் வெச்ச காசு வெறும் காசுதான். அது எந்த மண்ணடுக்கில், எதோட பக்கத்தில் கிடந்ததுங்கறதுதான் சேதி. சுவரில் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டின சினிமா போஸ்டர் மாதிரி, அடியில் இருக்கறது பழசு, மேலே இருக்கறது புதுசு. 1945-ல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நம்ம ஊர் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இந்த அடுக்குக் கணக்கைத்தான்.

ஆனா, மண்ணு சில சமயம் ஏமாத்தும். எலி வளை தோண்டும். எவனோ கிணறு வெட்டியிருப்பான். அரியலூர் பக்கத்துக் கரிசல் மண்ணையே எடுத்துக்கோங்க. கோடையில் பாளம் பாளமா வெடிக்கும். நேத்து விழுந்த பொருள் அந்த வெடிப்பு வழியா பழைய அடுக்குக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். இதைக் கண்டுபிடிக்கணும்னா மண்ணைப் படிக்கத் தெரியணும்.

ஒரு குழி... பல டிபார்ட்மென்ட்!

கெமிஸ்ட்ரியா? மனுஷங்க குடியிருந்த இடத்தில் எலும்பு, சாம்பல், சாணம்னு சேர்ந்து மண்ணில் பாஸ்பரஸ் கூடியிருக்கும். சுவரே இல்லாட்டியும் வீடு இருந்த இடத்தை ஊகிக்க அது உதவும்.

பாட்டனியா? மண்ணைத் தண்ணியில் கரைச்சா கருகின விதைகள் மிதக்கும். அன்னிக்கு என்ன சமைச்சாங்கன்னு அது காட்டிக்கொடுக்கும்.

பிசிக்ஸா? குவார்ட்ஸ் மணல் துகள் மேல வெயில் பட்டா அதோட கடிகாரம் ஜீரோவுக்கு வந்துடும். புதைஞ்ச பிறகு, சுத்தியுள்ள மண்ணின் கதிரியக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமா ஆற்றல் சேரும். வெளிச்சம் படாம இரும்புக் குழாயில் மண்ணை எடுத்து, லேபில் மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் அளந்தா, அது கடைசியா சூரியனைப் பார்த்த காலம் தெரியும்.

களிமண் கொடுத்த ஷாக்

திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே அடியில் இருந்த களிமண்ணை கிரெட்டேசியஸ் காலத்துதுன்னு நினைச்சிருந்தாங்க. அதாவது, நம்ம அரியலூர் கடலோட ஜோடி! மனுஷனே இல்லாத காலம். அதுக்குள்ள என்ன கிடைச்சுடப் போகுது?

1999-ல் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வைத் தொடங்கினாங்க. அதே களிமண்ணுக்குள்ள மனுஷன் செஞ்ச கற்கருவிகள்! அப்போ, மண்ணுக்குப் போட்ட வயசுதானே தப்பு? தொல்லியல், நிலவியல், இயற்பியல் ஆளுங்க சேர்ந்து உழைச்சாங்க. சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மேலடுக்குக் கருவிகள் சுமார் 3,85,000 வருஷத்துக்கு முந்தியவைன்னு 2018-ல் 'நேச்சர்' சொன்னது.

கலைச்சா போச்சு!

கீழடி எவ்வளவு பழசு? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580-ஐச் சேர்ந்ததுன்னு 2019-ல் மாநிலத் தொல்லியல் துறை அறிவிச்சது. முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார். அதைத் திருத்தித் தரச்சொல்லி 2025-ல் மத்தியத் தொல்லியல் துறை கடிதம் எழுதினப்போ, மண்ணடுக்கையும் கார்பன் காலக்கணிப்பையும் ஆதாரமாக் காட்டித்தான் அவர் பதில் சொன்னார். ஒரு நாகரிகத்தின் வயசு மேல வழக்கு வந்தா, சாட்சிக் கூண்டில் ஏறுறது மண்ணுதான்!

அந்த சாட்சிக்கு மறுபிறவி கிடையாது. ஒருமுறை தோண்டின அடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. ஜே.சி.பி. ஒரு அள்ளு அள்ளினா ஆயிரம் வருஷம் காலி. அதனால, உங்க ஊரில் வரப்பு வெட்டும்போது தாழியோ பழைய செங்கல்லோ தெரிஞ்சா, பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. இருந்த இடத்திலேயே விட்டு, போட்டோ எடுத்து, தாசில்தார் ஆபீஸுக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்க.

ஆர்வம் வந்துடுச்சா? தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் காலேஜ்னு தொல்லியல் படிக்க இடம் இருக்கு. உங்க சயின்ஸ் டிகிரி அங்கே வேஸ்ட் ஆகாது. முதல் வேலையா, இந்த லீவில் மாளிகைமேட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. செங்கல் சுவரை எல்லாரும் பார்ப்பாங்க. நீங்க மட்டும் அதை மூடியிருந்த மண்ணைப் பாருங்க!