நீருக்குள் வாளி என்ன எடை?

புரட்டாசி வெயிலில் மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாடம் நடத்துவது நரிக்குடியில் லேசுப்பட்ட காரியமல்ல. ஆனாலும் இந்தப் பரிசோதனைக்குக் காற்று ஆகாது. பென்சிலுக்குள் போடும் கருங்குச்சி ஒன்றைத் தலைமுடியில் நடுவாகக் கட்டித் தொங்கவிடுவேன். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து கழற்றிய காந்தத்தை அதன் நுனிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், குச்சி மெல்ல விலகிப்போகும். ஒட்டாமல் விலகுகிறதே என்று பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். இத்தனை வருடம் செய்தும் எனக்கும் அது அலுக்கவில்லை.

விலக வைப்பவை அந்தக் குச்சியில் உள்ள கிராஃபைட்டுக்குள் ஓடித் திரியும் எலக்ட்ரான்கள். அவை உள்ளே என்ன கனத்தோடு ஓடுகின்றன என்பதையும் காந்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

எலக்ட்ரானின் நிறைதான் புத்தகத்திலேயே இருக்கிறதே, அதை ஏன் மறுபடி அளக்க வேண்டும்? எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. வாளி தண்ணீருக்குள் கிடக்கும்வரை சுண்டுவிரலால் இழுக்கலாம். நீர்மட்டத்தைத் தாண்டியதும் தோள் இற்றுப்போகும். வாளி என்னவோ அதே வாளிதான். படிகத்துக்குள்ளும் இப்படித்தான். வரிசையாக நிற்கும் அணுக்களின் இழுப்பும் கூடச் சேர்ந்துகொள்வதால், எலக்ட்ரானைத் தள்ளினால் அது தன் சொந்த நிறைக்கு ஏற்றபடி அசைவதில்லை. அசைவதை வைத்துப் பார்க்கும்போது என்ன நிறை தோன்றுகிறதோ, அது பயனுறு நிறை. கேலியம் ஆர்சினைடில் அது சொந்த நிறையில் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு. வேகமான சில்லுகள் செய்ய அந்தப் பொருளை நாடுவதற்கு இந்த இலேசும் ஒரு காரணம்.

அளப்பது எப்படி? காந்தப்புலத்துக்குள் எலக்ட்ரான் வட்டமடிக்கும். வேகமானது பெரிய வட்டம் போடும், மெதுவானது சின்ன வட்டம் போடும். ஆனால் இரண்டும் ஒரு சுற்றை ஒரே நேரத்தில் முடித்துவிடும். இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த சங்கதிகளில் இது ஒன்று. காந்தத்தின் வலுவும் நிறையும்தான் சுற்றுக்காலத்தைத் தீர்மானிக்கின்றன. 1 டெஸ்லா புலத்தில், வெற்றிடத்து எலக்ட்ரான் நொடிக்கு 2,800 கோடி சுற்று. கேலியம் ஆர்சினைடுக்குள் ஏறத்தாழ 42,000 கோடி. அந்தச் சுற்றோடு ஒத்துப்போகும் அலையை உள்ளே அனுப்பினால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல் ஆகி, எலக்ட்ரான்கள் அலையை விழுங்கும். எந்தப் புலத்தில் விழுங்குகின்றன என்று பார்த்து நிறையைக் கணக்கிடலாம். இதற்குப் பெயர் சைக்ளோட்ரான் ஒத்ததிர்வு. 1953இல் அமெரிக்காவின் பெர்க்லியில் டிரெசல்ஹாஸ், கிப், கிட்டல் மூவரும் ஜெர்மானியத்தில் செய்து காட்டினார்கள். படிகத்தை −269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைக்க வேண்டும். இல்லையென்றால் அணுக்களின் அதிர்வில் முட்டி, ஒரு சுற்று முடியும் முன்பே எலக்ட்ரான் தடம் மாறிவிடும். ஜெர்மானியத்தில் ஒரு திசையில் எலக்ட்ரானின் நிறை இன்னொரு திசையைப் போல் கிட்டத்தட்ட 20 மடங்கு! உழுத கரிசலில் சைக்கிளை உருட்டியவர்களுக்கு இது விளங்கும். சால் வழியே போனால் போகும். குறுக்கே போனால் ஒரு முழம் நகராது.

ஆனால் பிள்ளைகளிடம் நான் பெர்க்லியை முதலில் சொல்வதில்லை. வத்திராயிருப்பைச் சொல்வேன். எங்கள் மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்து ஊர். 1898இல் அங்கே பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன், ராமன் விளைவில் ராமனோடு உழைத்தவர். 1930களில் கல்கத்தாவில், படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை எவ்வளவு முறுக்கிக்கொள்கின்றன என்று அளந்துகொண்டிருந்தார். கிராஃபைட் என்பது தகடு தகடாக அடுக்கிய கரி. காந்தத்தை விலக்கும் குணம், தகட்டின் வழியே இருப்பதைவிட, தகட்டுக்குச் செங்குத்தான திசையில் சுமார் 40 மடங்கு அதிகம் என்று அவரும் உடன் ஆய்வு செய்த கங்குலியும் கண்டார்கள். தகட்டுக்குள் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடுகின்றன, தகடுவிட்டுத் தகடு தாண்டத்தான் திணறுகின்றன என்பது 1941இல் அவர்கள் எழுதிய விளக்கம். பெர்க்லியில்போல் குளிரவைக்கத் திரவ ஹீலியம் கிடையாது, உள்ளே அனுப்ப மைக்ரோ அலை கிடையாது. தகட்டுக்குள் எலக்ட்ரானின் பயனுறு நிறை சொந்த நிறையில் சுமார் இருபதில் ஒரு பங்குதான் என்று பிற்பாடு வந்த அளவீடுகள் காட்டின.

நரிக்குடியில் ரயிலேறினால் மானாமதுரை, அங்கிருந்து சிவகங்கை. அந்த மண்ணில் கிராஃபைட் தோண்டுகிறார்கள். போன வருடம் ஒரு மாணவி அங்கிருந்து ஒரு செதில் கொண்டுவந்தாள். இரண்டு காந்தங்களுக்கு நடுவே பட்டு இழையில் தொங்கவிட்டோம். செதில் காந்தங்களுக்கு முகம் காட்டாமல், விளிம்பைக் காட்டித் திரும்பி நின்றது. கையால் திருப்பி வைத்தோம். மறுபடியும் அப்படியே திரும்பியது.