மலைநீரும் மீன் தொட்டியும்

சேலத்தின் எல்லையில் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் பிரதேசத்துக் கிணறுகளில் மக்னீசியமும் சுண்ணச்சத்தும் மிகுதியாகக் கரைந்து நீர் கடினமாயிருக்க, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றடையும் ஏற்காட்டிலோ, எளிதில் கரையாத சார்னோக்கைட் பாறைகளின்மீது பெய்து ஊறிவரும் மழைநீர் சொற்பமான உப்புக்களையே ஏந்தி மென்னீராக விளங்குகிறது. குடிப்பதற்கும் துணி வெளுப்பதற்கும் உத்தமமான இந்த நீரே, புதிதாக மீன் தொட்டி வைப்பவருக்குத் தனியான ஜாக்கிரதையை அவசியமாக்குகிறது.

மீன்கள் தம் செவுள் வழியே அம்மோனியா என்னும் நஞ்சை இடையறாது வெளியிடுகின்றன. ஏரியின் விசாலத்தில் அது கலந்து கரைந்துவிடும்; நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பதை 1890-ஆம் ஆண்டு வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி நிலைநாட்டினார். இவ்வுயிர்கள் பில்டரின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருகச் சமவெளியின் வெப்பத்திலேயே 4 முதல் 6 வாரங்கள் ஆகுமெனில், மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் இன்னும் அதிக காலம் பிடிப்பது இயல்பே.

மலைநீரின் விசேஷச் சிக்கல் இனிமேல்தான் வருகிறது. அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் 1 மில்லிகிராம் மாற்றமடையும்போது, நீரிலுள்ள காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 7 மில்லிகிராம் செலவாகிறது. சேலத்து நீருக்கு இது பெரிய நஷ்டமன்று. மென்னீரிலோ அந்தச் சேமிப்பு விரைவில் தீர்ந்து, பி.எச். அளவு 6.5-க்குக் கீழே இறங்க, நுண்ணுயிர்களின் வேலை மந்தமடைகிறது. அப்போது அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற சாதுவான வடிவில் தேங்கிக் கிடப்பதால் மீன்கள் சுகமாகவே தோன்றுகின்றன. அந்த நிலையில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், சமையல் சோடாவை அள்ளிப் போட்டுப் பி.எச். அளவை உயர்த்தினால், ஒவ்வொரு படி ஏற்றத்துக்கும் நஞ்சான அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகி, ஒரே இரவில் தொட்டி முழுவதும் மடிந்துபோகக் கூடும்.

ஆகையால் கழுவிய கிளிஞ்சலைச் சிறு துணிப்பையில் கட்டி முதல் நாளிலேயே பில்டருக்குள் இட்டுவிடுவது உசிதம். அமிலம் சேரச் சேர அது மெல்லக் கரைந்து ஈடு செய்யும். அம்மோனியா முன்னமே தேங்கியிருந்தால், நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றி அதைக் குறைத்த பிறகே கிளிஞ்சலைச் சேர்க்க வேண்டும்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால், ஒரே வெப்பநிலையில் நீரில் கரையும் பிராணவாயுவும் சமவெளியைவிடக் குறைவு. நைட்ரைட்டோ இரத்தம் அந்த வாயுவைச் சுமக்கும் சக்தியையே பறிக்கிறது. எனவே ஏர் பம்ப் இங்கே ஆடம்பரமன்று. சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி நைட்ரேட் தென்பட்ட பிறகும், இரண்டொரு மீன்களை மட்டுமே முதலில் விட்டு, மற்றவற்றைச் சில வாரங்கள் கழித்துச் சேர்ப்பதே நன்று. குளோரின் கலந்த குழாய்நீரை, குளோரினை முறிக்கும் ஹைப்போ உப்பைச் சேர்த்தே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சையோ, அதில் குடியேறிய நுண்ணுயிர்கள் அழியாதிருக்க, தொட்டியிலிருந்து வெளியேற்றிய பழைய நீரிலேயே அலசிப் பிழிய வேண்டும்.