ராகுவை வணங்குவோரின் ஓவியம்



கிரகணம் பிடித்தால் சமைத்த சோற்றைக் கொட்டு, தலைமுழுகு, கோயில் நடையைச் சாத்து என்று ஊர் சொல்கிறது. சூரியனுக்கும் சந்திரனுக்கும்கூடத் தீட்டு உண்டாம். தீண்டுகிறவன் பெயர் ராகு. வானத்தைப் பற்றிய இந்தக் கதைக்குள் சாதி எப்படி வந்து உட்கார்ந்தது, ஒடுக்கப்பட்ட மக்கள் அதை எப்படி மாற்றி வரைந்தார்கள் என்பதை இங்கே பார்ப்போம்.

புராணம் நமக்குத் தெரிந்ததே. பாற்கடலைக் கடைந்ததில் பாதி உழைப்பு அசுரர்களுடையது. அமுதம் வந்ததும் பந்தி தேவர்களுக்கு மட்டும். வேடம் மாற்றி வரிசையில் உட்கார்ந்த ஓர் அசுரனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்தார்கள். சக்கரம் அவன் தலையை அறுத்தது. உழைப்பில் பங்கு உண்டு, பந்தியில் இடம் இல்லை. இது வானத்தில் மட்டும் நடந்த கதையா?

கிரகணம் நிழலால் வருகிறது என்று 499இல் எழுதப்பட்ட ஆரியபட்டீயம் சொல்லிவிட்டது. 1,500 ஆண்டுகள் கடந்தும் தீட்டு போகவில்லை. காரணம், தீட்டு அறியாமையால் மட்டும் நிற்பதில்லை. அதனால் ஆதாயம் அடைகிறவர்களால் நிற்கிறது.

பீகாரின் மிதிலைப் பகுதியில் வாழும் துசாத் மக்கள் பட்டியல் சாதியினர். ஊர் அஞ்சி ஒதுக்கும் ராகுவே அவர்களுக்கு முதன்மைத் தெய்வம். ராகு பூசையில் அவர்களுடைய பூசாரி தீ மிதிக்கிறார்.

1966-67இல் பீகாரைப் பஞ்சம் வாட்டியது. சுவரில் வரைந்த மிதிலைப் பெண்களுக்கு வருமானம் கிடைக்க, அகில இந்தியக் கைவினை வாரியம் காகிதம் கொடுத்து வரையச் சொன்னது. முதலில் புகழ்பெற்றவர்கள் பெரும்பாலும் பிராமண, காயஸ்தப் பெண்கள். ராமனும் கிருஷ்ணனும் காகிதத்துக்கு வந்தார்கள். 1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மானிய மானிடவியலாளர் துசாத் பெண்களை அவர்களுடைய கதைகளையே வரையும்படி ஊக்கினார். ராகுவும் அவர்களின் வீரன் ராஜா சல்ஹேஷும் படமானார்கள். சானோ தேவி, பச்சை குத்தும் கோலங்களைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார். பூ, மரம், விலங்கு எல்லாம் வரிசை வரிசையாகவும் வட்டத்துக்குள் வட்டமாகவும் நிற்கும் அந்தப் பாணிக்கு கோத்னா என்று பெயர். நகை வாங்க வழியில்லாத உடம்பு சுமந்த அழகு அது. இன்னொரு தலித் ஓவியரான ஜமுனா தேவி, சாணம் கரைத்த நீரைக் காகிதத்தில் பூசி அதன்மேல் வரைந்தார். இழிவு என்று தலையில் ஏற்றப்பட்டதே ஓவியத்தின் நிலமாயிற்று.

இவற்றை ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று வருணிப்பதை நாம் ஏற்க முடியாது. படத்தில் உள்ள மரம் நிற்கும் நிலம் பெரும்பாலும் வரைந்தவருடையது அல்ல. வானத்தை நிமிர்ந்து பார்க்க ஓய்வு வேண்டும். ஓய்வும் சாதிப்படியே பங்கிடப்பட்டிருக்கிறது. அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946ஆம் ஆண்டின் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்தது. அதைக் கலைக்கான சட்டமாகவும் நாம் வாசிக்க வேண்டும். ஆனால் வயலிலும் அடுத்தவர் வீட்டு அடுப்படியிலும் உழைக்கும் பெண்ணுக்கு அந்த 48 மணிக் கணக்கு இன்றும் எட்டவில்லை.

2024இல் கோத்னா ஓவியர்கள் சாந்தி தேவிக்கும் சிவன் பாஸ்வானுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். விருதோடு வேலை முடியவில்லை. மாணவர்களே, உங்கள் சேரியில் மூத்த பெண்களிடம் நிலவையும் நட்சத்திரத்தையும் கிரகணத்தையும் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். அடுத்த கிரகணத்தன்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.