கோவளத்தின் கொம்பும் காலும்

கோவளம் என்று கையால் எழுதும்போது முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, அதன்பின் துணைக்கால் போடுகிறோம். வாய் சொல்லும்போதோ ‘க்’ முன்னே வருகிறது, ‘ஓ’ பின்னே வருகிறது. கை ஒரு வரிசையிலும் ஒலி வேறொரு வரிசையிலும் போவதால் தாளில் ஒரு சிக்கலும் இல்லை. கணினிக்குள் தமிழை ஏற்றியவர்கள்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. முதலில் கை வரிசையைத் தேர்ந்தார்கள். நூல் நூலாக ஏற்றிய பிறகு ஒலி வரிசைக்கு மாற வேண்டி வந்தது. தமிழுக்கு நேர்ந்த மென்பொருள் மேம்பாடுகளில் இதைவிடப் பெரியது இல்லை என்பது என் எண்ணம்.

1990களில் ஓர் எழுத்துருவுக்குள் மொத்தம் 256 இடங்கள். பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். மீந்த 128 இடங்களில் நம் 247 எழுத்துகளும் எப்படி அடங்கும்? ஆகவே எழுத்துகளைக் கொம்பு, கால், விசிறி என உடைத்துத் துண்டுகளாக அடுக்கினார்கள். அந்த அடுக்கு ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. மயிலை எழுத்துருவில் தட்டிய கோப்பைப் பாமினியில் திறந்தால் ஒரு சொல்லும் படிக்க வராது. கோப்புக்குள் உண்மையில் தமிழே இருக்காது; வெறும் எண்கள்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுத்தது அந்தக் குறிப்பிட்ட எழுத்துரு மட்டுமே.

இந்த நிலையில்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள், இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். இணைமதி, மயிலை எழுத்துருக்களில் தொடங்கி, 1999 முதல் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டுக்கு வந்து, அதன் பிறகு யூனிகோடுக்குப் போனார்கள். சில ஆண்டுகளுக்குள் வீட்டின் அஸ்திவாரத்தையே இரண்டு முறை மாற்றிவிட்டார்கள், உள்ளே ஆட்கள் குடியிருக்கும்போதே.

யூனிகோடு ஒலி வரிசையில் எழுதுகிறது. கோவளத்தில் க முதலில் நிற்கும். கொம்பும் காலும் சேர்ந்த ஓகாரக் குறி ஒரே எண்ணாக அதற்குப் பின்னால் வரும். செங்கல்பட்டைப் பாருங்கள். பழைய முறையில் கணினி அதை ஒற்றைக் கொம்பில் தொடங்கும் சொல்லாகவே அறியும். அகரவரிசைப்படுத்தினால் சகரத்தில் வராது. திஸ்கியில் அந்தப் பெயருக்கு 8 பைட் போதும். யூனிகோடில் 12 குறிகள். வழக்கமான சேமிப்பு முறையில் 36 பைட். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் ஊர்ந்து வந்த காலத்தில் இது சின்னக் கவலை இல்லை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்ற வாதம் நெடுநாள் நடந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு அந்தத் தனி எண் முறையையும் ஏற்றது.

வரிசையைத் திருப்பும் வேலைக்கு மாற்றிகள் வந்தன. சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்றவை இல்லாமல் அந்தக் காலத்தைக் கடந்திருக்க முடியாது. விதி எளிதாகத் தெரியும்: கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தைத் தாண்டிப் பின்னால் வை. ஆனால் ஔகாரம் இருக்கிறதே! அதன் கடைசித் துண்டும் ளகரமும் கண்ணுக்கு ஒன்றுபோல. பாமினியில் இரண்டுக்கும் ஒரே இடம். தனி இடம் இருந்த எழுத்துருக்களிலும் பலர் ள போட்டே முடித்தார்கள். கொம்பு, வ, ள என்று மூன்று எண்கள் வரிசையாக வந்தால் அது வௌவாலின் தொடக்கமா, வெளியின் தொடக்கமா? அடுத்து என்ன வருகிறது என்று பார்த்துத்தான் மாற்றி முடிவெடுக்க வேண்டும். அப்படிப் பார்க்காத மாற்றிகள் ‘மெளனம்’ என்று எழுதிவிட்டுப் போயின. நம் கண் இதை மௌனம் என்றே படிக்கும், தேடுபொறி படிக்காது.

இப்படிப்பட்ட இடமாற்றத்தைச் சோதிக்க வழக்கமான வழி ஒன்று உண்டு. புதியதை மறுபடி பழையதாக மாற்றி, மூலக் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. எழுத்து விடுபட்டிருந்தால் பெரும்பாலும் இதில் சிக்கிவிடும். மெளனம் சிக்காது. தவறாகப் போன ள, திரும்பி வரும்போது தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். சோதனை வெற்றி என்று வரும். கணினி சரி என்று சொன்ன பிறகும் மனிதர் ஒருவர் வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எப்போது மாறுவது என்ற கேள்வி இதைவிடக் கடினம். அதை முடிவு செய்யும் உரிமை தளத்தை நடத்துகிறவர்களிடம் இருக்கவில்லை. விண்டோஸ் 2000-உடன்தான் லதா என்ற யூனிகோடு எழுத்துரு வந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவருக்கு யூனிகோடு பக்கம் பெட்டி பெட்டியாகத் தெரியும். ஒரே நாளில் மாறியிருந்தால் அத்தகைய வாசகர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தியது போலாகும். மதுரைத் திட்டம் அப்படிச் செய்யவில்லை. நூல்களைத் திஸ்கியிலும் யூனிகோடிலும் அருகருகே வைத்தது. எழுத்துருவையும் தன்னுள்ளேயே சுமந்து செல்லும் பி.டி.எஃப். வடிவத்திலும் கொடுத்தது. ஒரே நூலை இரண்டு மூன்று முறை பராமரிப்பது தன்னார்வலர்களுக்கு எவ்வளவு சுமை! இருந்தும் செய்தார்கள்.

ஒரே பாடத்தை இரண்டு வடிவில் வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. மாமல்லபுரத்துக்கு வடக்கே, சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்குப் பக்கத்திலேயே அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. அதன் பக்கச் சுவர் ஒன்றில் பல்லவ கிரந்தத்தில் வடமொழிச் செய்யுள்கள் வெட்டியிருக்கின்றன. எதிர்ப்பக்கச் சுவரில் அதே செய்யுள்கள் நாகரி எழுத்தில். ஒரு லிபி அறிந்தவர் மற்றதை அறியாமல் இருக்கலாம் என்று எண்ணி, ஒரே பாடத்தைக் கல்லில் இரண்டு முறை வெட்ட உழைத்திருக்கிறார்கள் என்றே நான் கொள்கிறேன். அந்தக் கிரந்த எழுத்துக்கு 2014-ல் யூனிகோடில் தனி இடம் கிடைத்தது.

புதிய குறியீடும் அசையாமல் நிற்கவில்லை. ஸ்ரீயை ஸகரத்தை வைத்தே எழுதிக்கொண்டிருந்தோம். 2005-ல் ஶகரம் யூனிகோடில் சேர்ந்த பிறகு அதை வைத்தும் எழுதுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயருக்கு இன்று திரையில் ஒரே உருவம், உள்ளே இரண்டு எண் வரிசைகள். தேடல் வசதி செய்கிறவர் இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி சொல்லித்தராவிட்டால், பாதிப் பக்கங்கள் கைக்கு வராமலே கிடக்கும்.

அச்சகங்களிலும் சிற்றிதழ் நடத்தியவர்களின் வீடுகளிலும் பழைய எழுத்துருக் கோப்புகள் குறுந்தட்டுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றை மாற்ற முனைகிறவர்கள் எந்த எழுத்துருவில் தட்டியது என்பதை முதலில் குறித்து, அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுத்து வைக்க வேண்டும். அது தொலைந்தால், எண்களைப் பார்த்து எழுத்தை ஊகிக்கும் வேலைதான் மிஞ்சும். மாற்றி முடித்த பிறகும் மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம். நாளைக்கு ஒரு மெளனம் கண்ணில் பட்டால் திரும்பிப் போய்ப் பார்க்க அது மட்டுமே இருக்கும்.