வண்ண மீன் வாடுகிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கொளத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் வண்ண மீன் வளர்ப்பு பல சிறு குடும்பங்களுக்கு உபதொழிலாக இருந்து வருகிறது. அங்கே சிமெண்டுத் தொட்டியில் வளரும் கப்பி, மோலி, பொன்மீன் ஆகியவை கோட்டூர்புரம் போன்ற இடங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேருகின்றன. பண்ணையில் துள்ளிய மீன் வீட்டுத் தொட்டியில் ஒரு வாரத்தில் செத்தால் பழி வளர்த்தவர் மேல் விழும், வாடிக்கையும் போகும். பெரும்பாலும் குற்றம் தண்ணீரில்தான் இருக்கும். அதைக் கண்டறியும் முறையை விவசாயிகள் தெரிந்துகொள்வதுடன், வாங்குபவருக்கும் சொல்லி அனுப்புவது நலம்.

அறிகுறிகள்

மீன்கள் விடியற்காலையில் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பிராணவாயு குறைவு. பாசியும் செடிகளும் இரவில் பிராணவாயுவை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில் அது மிகவும் குறைந்துவிடும். மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஏர் பம்பை இரவிலும் ஓட விட வேண்டும்.

நாள் முழுவதும் மூச்சு வாங்கி, செவுள் சிவந்து காணப்பட்டால் அம்மோனியா நஞ்சு என்று சந்தேகிக்கலாம். குழாய்த் தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் மீன்கள் தடுமாறினால் குளோரின் காரணமாகலாம். உடம்பில் ரவை தூவியது போல வெண்புள்ளிகள் தோன்றி, மீன் கல்லில் உரசினால் அது வெண்புள்ளி நோய்.

அம்மோனியா

வயலில் இட்ட யூரியா அம்மோனியாவாகி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுவதை விவசாயிகள் அறிவர். தொட்டியிலும் இதுவே நடக்கிறது. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவைத் தருகின்றன. வடிகட்டிப் பஞ்சில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் நிறைய மீன் விட்டு, தீனியை அள்ளிப் போடுவதே சாவுக்குக் காரணம்.

இத்தகைய தொட்டியில் தீனியை இரண்டு நாள் நிறுத்தலாம். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். முழுவதையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் மடியும். தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். வெளியேற்றும் தண்ணீர் தோட்டத்துக்கு நல்ல உரம். உப்பிட்ட தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாகாது.

குளோரின்

நகரில் குழாயில் வரும் குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பழகிய மீனுக்கு இது புதிது. தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் காற்றோட்டமாக வைத்து ஊற்றினால் போதும். அவசரமானால் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டை 100 லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து விடலாம்.

வெண்புள்ளி நோய்

மார்கழிக் குளிரில் இந்நோய் அதிகம். தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, பெருகி, தண்ணீரில் நீந்தும்போதுதான் அழியும். ஆகவே ஒரு நாள் மருந்திட்டு நிறுத்துவதால் பயனில்லை. 100 லிட்டருக்கு 200 முதல் 300 கிராம் கல் உப்பை மூன்று தவணையாகக் கரைத்து விட்டு, 10 நாள் வைத்திருக்க வேண்டும். கப்பி, மோலி, பொன்மீன் இதைத் தாங்கும். கெளுத்தி இன மீன்களையும் நீர்ச்செடிகளையும் முன்னதாக வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். அந்த மீன்களையும் கவனித்து வர வேண்டும்.

தொட்டியின் கொள்ளளவை அறிய நீளம், அகலம், நீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

வருமுன் காக்க

புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீனி இட வேண்டும். வலையையும் வாளியையும் தொட்டிக்குத் தொட்டி மாற்றிப் பயன்படுத்தலாகாது. நோய் அடங்காவிட்டால், கண்ட மருந்தை ஊற்றாமல், உயிருள்ள நோயுற்ற மீனையும் தனிப் புட்டியில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகுவது நல்லது.