மேஸ்திரி வந்தார், செங்கல் எங்கே?

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த மறுநாள் மாடிப்படி ஏற முடியாமல், "அம்மாடி!" என்று பாதியில் உட்கார்ந்துவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். பழக்கமில்லாத வேலை செய்த தசைகளில் நுட்பமான சிதைவு ஏற்படுகிறது. இரண்டு மூன்று நாள் வலித்துவிட்டுத் தானே சரியாகிவிடும்.

இந்த வலிக்கென்றே இப்போது கடைகளில் வண்ண வண்ண டப்பாக்கள் விற்கின்றன. லியூஸின், ஐஸோலியூஸின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் பொடி. பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். நாம் சாப்பிடும் புரதம் ஜீரணமானால் அமினோ அமிலங்களாகத்தான் பிரிகிறது. மொத்தம் இருபது. அவற்றில் ஒன்பதை உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது. ஆகாரத்தில்தான் வர வேண்டும்.

அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் ரோஸ், அதுவரை தெரிந்திருந்த அமினோ அமிலங்களையெல்லாம் கலந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் வளரவே இல்லை! விடாமல் தேடியதில் 1935-ல் த்ரியோனின் அகப்பட்டது. அதையும் சேர்த்த பிறகுதான் எலிகள் வளர்ந்தன. ஒன்று குறைந்தாலே இந்தக் கதி என்றால், மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லியூஸின் கெட்டிக்கார மேஸ்திரி. தசை கட்டும் வேலையைத் தொடங்கி வைப்பதே அதுதான். ஆனால் செங்கல் வேண்டாமா? இந்தப் பொடியால் வலி சற்றுக் குறைவதாகச் சில ஆராய்ச்சிகள் சொல்வது உண்மை. இருந்தாலும், புரதம் போதுமான அளவு சாப்பிடுகிறவருக்கு இதனால் தசை அதிகமாக வளர்ந்துவிடாது.

அரிசியில் லைஸின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடு செய்கிறது. சாம்பார் சாதம் ஒன்பதையும் கொண்டு வந்துவிடுகிறது, போங்கள்!

ஆனால் அந்தப் பருப்பு யார் தட்டில் விழுகிறது? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய ரசத்தைச் சாதத்தில் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுகிறீர்களே, அம்மணி! 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 45 கிராம் புரதம் தேவை. பயிற்சி செய்தால் இன்னும் சற்றுக் கூட. ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல், ஒரு முட்டையில் சுமார் 6, நூறு கிராம் பருப்பில் சுமார் 22 இருக்கிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவோ, பொடியைத் தொடவோ கூடாது. மற்றவர்கள் பயிற்சி முடித்து வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் சாப்பிடலாம். சாம்பாரை இறக்கியதும், அடியிலிருந்து இரண்டு கரண்டி உங்களுக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.